பெட்டியில் கசகசா வேண்டாம், அண்ணாச்சி!
வெயில் தேசம் போகிறவர்கள் எதைக் கட்டிக்கொண்டு போவது? எதை வீட்டிலேயே விட்டுப் போவது?

தூத்துக்குடி–

வாரத்தில் எந்த நாள் ஆனாலும் சரி, இந்த ஊரில் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு வீட்டில், ஒரு பெட்டி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

துபாய்க்கு ஒருவர். தோகாவுக்கு ஒருவர். சிங்கப்பூருக்கு ஒருவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சிலர். பக்கத்தில் காயல்பட்டினத்தில் இப்படிப் போகிறவர்களுக்கு என்றே ஒரு பெயர் உண்டு. 'சபுராளி'!

கட்டில் மேல் பெட்டி வாய் பிளந்து கிடக்கும். அம்மா ஒரு பக்கம் திணிப்பார். அக்கா ஒரு பக்கம் வெளியே எடுப்பார். அடுத்த வீட்டு ஆச்சி ஊறுகாய் பாட்டிலோடு வந்து நிற்பார்.

"அங்க என் பேரன் இருக்கான்லா, அவனுக்கும் ஒரு பொட்டலம் இருக்கு தம்பி. சின்னதுதான்!" என்று இன்னொருவர் வாசலில் இருந்து குரல் கொடுப்பார்.

இத்தனை கைகள் சேர்ந்து கட்டிய பெட்டியை அந்த ஊர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி திறப்பார். அப்போது அம்மா இருக்க மாட்டார். ஆச்சியும் இருக்க மாட்டார். பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பயணி ஒருவர்தான்.

ஒரு கைப்பிடி கசகசா போதும். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம், கையில் கிடைத்த விசா, வீட்டார் கட்டி வைத்த மனக்கோட்டை எல்லாம் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும். எனவே பெட்டி கட்டுவதை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

குடை இலவசம்!

கடல் தாண்டிப் போவது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கும் வரை, தென்னாட்டில் இருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு முக்கிய வாசல் தூத்துக்குடிதான். ரயிலில் வந்து இறங்குவார்கள். இங்கே கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்குவார்கள்.

தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களும் இந்த வழியாகப் போனார்கள். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர்களைத் தங்க வைத்த முகாம் ஒன்று, ஊருக்கு வெளியே தட்டப்பாறையில் இருந்தது. ஒரு துணி மூட்டை, ஒரு செம்பு. பெரும்பாலோருக்கு அதுதான் பெட்டி, அதுதான் படுக்கை.

1906-ம் ஆண்டு வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது. அதற்கும் ஜனங்கள் மசியவில்லை என்றதும், "இலவசமாகவே ஏறுங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம்" என்று ஆசை காட்டியது என்பது ஊரறிந்த கதை.

குடையை ஏன் கொடுத்தான் வெள்ளைக்காரன்? வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் கொழும்புக்குப் போகிறவனுக்குக் குடையை விட நல்ல பொருள் கிடையாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது! இன்றைக்கும் கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது ஒரு மடக்குக் குடை. அங்கெல்லாம் மழைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. காலையில் கொளுத்தும், மாலையில் கொட்டும்.

கல், கயிறு, பை!

இந்தக் கடற்கரையில் எல்லாரையும் விடக் குறைந்த மூட்டையோடு பயணம் போனவர்கள் முத்துக் குளிப்பவர்கள். இலங்கையில் சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் குளிப்பு நடக்கும் ஆண்டுகளில், இங்கிருந்து படகு படகாகக் கிளம்பினார்கள். வெறும் மணல்வெளியில் ஓலைக் கொட்டகைகளாகத் திடீர் நகரம் ஒன்று எழும்பும். குளிப்பு முடிந்தால் நகரமும் மறைந்துவிடும்.

குளிப்பவருக்கு வேண்டியவை: ஆழத்துக்கு இழுத்துச் செல்ல ஒரு கல், மேலே தூக்க ஒரு கயிறு, சிப்பி அள்ள ஒரு பை. அவ்வளவுதான். சுறா வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' ஒருவரும் கூடப் போவார்!

தூத்துக்குடியில் அரசாங்கம் நடத்திய முத்துக் குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனாலும் அவர்களின் மூட்டை சொல்லும் பாடம் இன்றும் பொருந்துகிறது. போகிற இடத்தில் என்ன வேலையோ, அந்த வேலைக்கு வேண்டியதுதான் முதலில் ஏற வேண்டும். மற்றதெல்லாம் இடம் இருந்தால்!

"நாம பார்க்காத வெயிலா?"

வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற பேச்சு இது. "தூத்துக்குடி வெயிலையே பார்த்தாச்சு. துபாய் வெயில் என்ன செய்யும்?"

செய்யும்!

இங்கே கோடையில் வெயில் அடித்தாலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசி ஆளைக் காப்பாற்றிவிடும். வளைகுடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 45 டிகிரி என்பது சாதாரணம். அங்கேயும் கடலோரம்தான். ஆனால் அந்தக் கடல்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து புழுக்கத்தைத்தான் கூட்டும்.

உடம்பு தன் சூட்டை வியர்வையால் இறக்குகிறது. வியர்த்தால் மட்டும் போதாது. அந்த வியர்வை காற்றில் காய வேண்டும். காயும்போதுதான் சூடு குறையும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து ஓடுமே தவிர, காயாது. உடம்பு சூடு இறங்காது. ஆள் சுருண்டு விழுவது இதனால்தான்.

இன்னொன்று. புது வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். வேலையிடத்தில் வெப்பத்தால் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை எச்சரிக்கிறது. "வந்த முதல் நாளே நான் யார் என்று காட்டுகிறேன்" என்று மாங்கு மாங்கென்று உழைக்கும் புது ஆள்தான் முதலில் விழுகிறான்!

உப்பளத்தைப் பாருங்கள்

வெயிலில் எப்படி உடுத்துவது என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நம் உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும். இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பங்கு தூத்துக்குடிக்கு.

உப்பு வாருகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். தலையில் துண்டு. விடிவதற்கு முன்பே பாத்திக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முக்கால் வேலை முடிந்துவிடும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதைத்தான் பெட்டிக்குள் கொண்டுபோக வேண்டும்:

பருத்திச் சட்டை, முழுக்கை, தொளதொளவென்று. வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. பளபளக்கும் பாலியஸ்டர் சட்டை கல்யாண வீட்டுக்கு அழகு. வெயிலில் அது வியர்வையைக் காய விடாது.

பருத்தித் துண்டு நான்கு. நனைத்துக் கழுத்தில் போடலாம், தலையில் கட்டலாம், தரையில் விரிக்கலாம். இதற்கு ஈடான பொருளை எந்த நாட்டுக் கடையிலும் விற்கவில்லை.

பருத்தி உள்ளாடை, காலுறை தாராளமாக. தினம் இரண்டு முறை மாற்ற வேண்டி வரும். ஈரத்தோடு கிடந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வந்து உயிரை வாங்கும்.

விளிம்பு அகலமான தொப்பி ஒன்று. கறுப்புக் கண்ணாடி ஒன்று. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது கண்ணாடி ஒன்றும், டாக்டர் சீட்டின் நகலும்.

ஒரே ஒரு கம்பளிச் சட்டை. "வெயில் தேசத்துக்குக் கம்பளியா?" என்று சிரிக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ரியாத் இரவில் பல் கிட்டிப்போகும். சிங்கப்பூரில் வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. குளிர்!

உப்பு–சர்க்கரைத் தண்ணீர்

பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையும் இல்லை, விலையும் இல்லை. தீர்ந்து போனால் நாமே கலக்கலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய சிறு கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அதே கரண்டியால் அரைக் கரண்டி உப்பு. அளவு கூடக்கூடாது. ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் புறப்படும் முன்பு டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட வேலை செய்கிறவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ, "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. அது ஆளைக் கொல்லும் வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கி, உடை தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதோடு ஒரு சட்டத்தையும் மூளையில் கட்டிக்கொண்டு போங்கள். ஐக்கிய அரபு எமிரேட்சில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை. குவைத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காலை 11 முதல் மாலை 4 வரை தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை. இது முதலாளி காட்டும் இரக்கம் இல்லை. அந்த நாட்டுச் சட்டம்!

கருப்பட்டி போகலாம், கொப்பரை போகாது

இனி சாப்பாட்டுச் சாமான்.

உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டும் நீண்ட பயணத்துக்கு என்றே செய்தது போன்ற பண்டங்கள். கெடாது, ஒழுகாது, பசி தாங்கும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, குழம்புப் பொடி எடுக்கலாம். மக்ரூன் எடுப்பவர்கள் டப்பாவில் அடைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டால் அங்கே போய்ச் சேர்வது மக்ரூன் மாவுதான்!

கருவாடு, மாசி கொண்டுபோவதானால் மூன்று உறை போட்டுக் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சட்டை மட்டுமல்ல, அடுத்தவர் பெட்டியும் மணக்கும். மாலத்தீவுக்குப் போகிறவர் மாசி கட்டினால், திருநெல்வேலிக்கு அல்வா கொண்டு போன கதைதான். மாசியே அங்கிருந்துதான் வருகிறது!

கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பலருக்கு இது தெரியாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகள் அதைத் தள்ளி வைத்திருக்கின்றன. பேன்சி ஸ்டோரில் வாங்கிய பட்டாசு, தீப்பெட்டிக் கட்டு எதுவும் கூடாது. சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் கவனிக்க!

ஊறுகாயும் நல்லெண்ணெயும் கைப்பையில் போகாது. பெரிய பெட்டியில் வைத்து, ஒழுகாமல் கட்ட வேண்டும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க் நேர் எதிர். அது பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கசகசா எனும் கண்டம்!

இனிதான் முக்கியம். இங்கே மளிகைக்கடையில் பட்டையோடும் கிராம்போடும் கேட்டு வாங்குகிறோமே கசகசா, அது அபினிச் செடியின் விதை. நமக்கு அது குருமாவுக்கு ருசி. ஐக்கிய அரபு எமிரேட்சு, சவூதி அரேபியா போன்ற நாடுகளில் அது தடை செய்யப்பட்ட சரக்கு. சிங்கப்பூரிலும் கொண்டுபோகக் கூடாது.

"எங்க ஊர்ல மளிகைக்கடையிலேயே விக்கிறாங்க, ஐயா" என்று சொன்னால் எடுபடாது. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்திருந்தால் அந்தப் பொடி இங்கேயே இருக்கட்டும்.

வெற்றிலை, பாக்கு? துபாய் சுங்கத் துறையின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் பானும் இருக்கின்றன. தாம்பூலத்தை விமானம் ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரிலும் தடை. சூயிங்கம்மையே 1992-ம் ஆண்டு முதல் உள்ளே விடாத ஊர் அது!

மாலத்தீவுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளும் கூடாது. ஆகவே பனிமய மாதா சுரூபமோ, செந்தூர் முருகன் சிலையோ பெட்டியில் வேண்டாம். நெஞ்சில் இருந்தால் போதும். அதை எந்தச் சுங்கமும் சோதிக்காது.

அடுத்தது மருந்து. இங்கே மருந்துக்கடையில் சாதாரணமாக எழுதித் தரும் சில இருமல் மருந்துகளில் 'கோடீன்' இருக்கிறது. சில வலி மாத்திரைகள் 'டிரமடால்'. வளைகுடா நாடுகளில் இவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் போதைப்பொருள் வழக்கு வரும். எந்த மருந்தானாலும் கடைக்காரர் தந்த அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, உங்கள் பெயர் எழுதிய பில்லோடு இருக்கட்டும். மாத்திரைகளைக் கொட்டி ஒரே டப்பாவில் கலந்து வைப்பது ஆபத்து.

"சின்னப் பார்சல்தான், தம்பி!"

பெட்டியில் வைக்கக் கூடாதவற்றில் முதல் இடம் இதற்குத்தான். அடுத்தவர் தரும் பொட்டலம்!

"மாமாவுக்குத் தெரிஞ்சவரு", "நம்ம ஊர்ப் பையன்தான்", "அங்க ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்." இப்படித்தான் தொடங்கும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயினோ, 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் தண்டனை தூக்கு. "எனக்குத் தெரியாது, யாரோ தந்தார்கள்" என்று நிரூபிக்கும் சுமை பெட்டிக்காரன் தலையில்தான் விழும்.

இந்தக் கடற்கரைக்கு இது புரியாத விஷயமும் அல்ல. 2019-ம் ஆண்டு இறுதியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும், சமையலறை மஞ்சளே கடத்தல் சரக்காக மாறியது. பீடி இலை மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்திகள் இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் பழகியவை. ஒரு கரையில் மளிகை. மறு கரையில் குற்றம்!

எனவே, பொட்டலம் தருகிறவர் சொந்தச் சித்தப்பாவாகவே இருக்கட்டும். "பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வைப்பேன், சித்தப்பா. கோவிச்சுக்காதீக" என்று சொல்லிவிட வேண்டும். கோபப்பட்டால் இரண்டு நாள் பேச மாட்டார். பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனால் இருபது வருஷம் யாரும் பேச முடியாமல் போகலாம்.

எடையில்லாத பொருள், விலை அதிகம்!

தராசில் 30 கிலோவைச் சரிபார்க்கும் நாம், எடையே இல்லாத காகிதங்களை மறந்துவிடுகிறோம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இ.சி.ஆர். பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். மத்திய வெளியுறவுத் துறையில் பதிவு பெற்ற ஏஜெண்டு வழியாகத்தான் போக வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படி அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்சூரன்சு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இந்தச் சீட்டின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். பெட்டியோடு போய்விட்டால், வேண்டிய நேரத்தில் வீட்டார் கையில் இருக்காது.

"டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022-ம் ஆண்டு மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டதை நாடே பார்த்தது. நல்ல சட்டை, நல்ல பெட்டி எல்லாம் அவர்களிடமும் இருந்தன. சரியான காகிதம்தான் இல்லை.

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், இன்சூரன்சு இந்த நான்குக்கும் மூன்று நகல். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டுப் பீரோவில். செல்போனில் படம் எடுத்தும் வைக்கலாம். போகும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் போன் நம்பரைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். செல்போன் தொலைந்தால் அதில் உள்ள நம்பரும் தொலைந்துவிடும்! இங்கே விவரம் கேட்க மத்திய அரசின் இலவசத் தொலைபேசி 1800 11 3090. தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது.

கப்பல் வந்த ஜூன் மாதம்

தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடும் என்ற ஆசை 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் நிறைவேறியது. 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் வந்தது. அந்த வருஷம் நவம்பரோடு நின்றும் போனது. இப்போது வ.உ.சி. துறைமுகத்தில் சரக்குக் கப்பல்கள்தான். பழைய துறைமுகத்தில் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தோணிக்காரர்கள் வாழ்க்கையை ஆர்.என்.ஜோ டி குருஸ் 'கொற்கை' நாவலில் எழுதி, 2013-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார்.

ஆனால் 2020-ம் ஆண்டு, கொரோனா ஊரடங்கின்போது, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்தது. கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா! ஜூன் மாதத் தொடக்கத்தில் கொழும்பில் இருந்து சுமார் 700 பேர். சில நாள் கழித்து மாலத்தீவில் இருந்து சுமார் 700 பேர். ஜூலை 1-ம் தேதி ஈரானின் பந்தர் அப்பாசில் இருந்து இன்னும் சுமார் 700 பேர். எல்லாரும் இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள்.

போகும்போது 30 கிலோ கட்டிக்கொண்டு போனவர்கள், திரும்பும்போது கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய நிலை. விமானம் நின்று, வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கை கொடுத்தவை பாஸ்போர்ட், மருந்து, கொஞ்சம் ரொக்கம் இந்த மூன்றும்தான்.

அதனால்தான் அனுபவசாலிகள் பெரிய பெட்டிக்குள் அடங்காத ஒரு சின்னப் பையைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். அதில் பாஸ்போர்ட், ஒப்பந்தம், ஒரு மாத மருந்து, ஒரு மாற்றுத்துணி, ஒரு துண்டு, ஊர் திரும்பும் அளவுக்குப் பணம். அந்தப் பை எப்போதும் தலைமாட்டிலேயே இருக்கும்.

வாகைகுளத்தில் புது விமான நிலைய முனையம் 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது. இருந்தாலும் வெளிநாட்டு விமானத்துக்குத் திருவனந்தபுரமோ, மதுரையோ, திருச்சியோ, சென்னையோதான் போக வேண்டும். ராத்திரி வேனில் கிளம்பும் அவசரத்தில் பெட்டி கட்டினால் தவறு நேரும். இரண்டு நாள் முன்பே கட்டுங்கள். கட்டிய பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பயணம் போகிறவர் மட்டும் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளையும் தன் கையால் எடுத்துப் பார்த்து மறுபடி அடுக்க வேண்டும்.

அப்புறம் பூட்டுங்கள். சாவி உங்கள் பையில். நகல் பீரோவில். கசகசா அடுப்பங்கரையில்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. பத்திரமாகத் திரும்பி வாருங்கள்!